வணிக மென்பொருளுக்கு எந்தத் திறந்த மூல உரிமம்? நிறுவனங்களும் நிரலாளர்களும் அறிய வேண்டியவை

திறன்பேசி, தொலைக்காட்சி, வங்கிகளின் சேவையகங்கள், வீட்டு வைஃபை ரூட்டர் என அன்றாடப் பயன்பாட்டில் உள்ள கருவிகள் பலவற்றிலும் திறந்த மூல மென்பொருள் ஏதேனும் ஒரு வடிவில் இயங்கி வருகிறது. எவரும் எடுத்துப் படிக்கவும், திருத்தவும், மறுபகிர்வு செய்யவும் அனுமதிக்கப்பட்ட நிரல்களே இப்பெயரால் அழைக்கப்படுகின்றன. கட்டணமின்றிக் கிடைப்பதால் அவற்றுக்கு நிபந்தனைகளும் இல்லை எனக் கருதுவது தவறாகும். ஒவ்வொரு நிரலுடனும் ஓர் உரிமம் இணைந்தே வருகிறது. அந்த உரிமத்தின் வாசகங்களை நீதிமன்றங்கள் சட்டப்படி செல்லத்தக்கவையாக ஏற்றுள்ளன.

மென்பொருளை விற்கும் நிறுவனம் இதில் இரு கேள்விகளை எதிர்கொள்கிறது. பிறர் எழுதிய நிரலைத் தனது தயாரிப்பில் சேர்க்கும்போது எந்தக் கடமைகள் தன்மீது வந்து சேர்கின்றன என்பது முதல் கேள்வி. தான் எழுதிய நிரலை வெளியிட விரும்பினால் எந்த உரிமத்தைத் தேர்ந்தெடுப்பது என்பது இரண்டாவது கேள்வி. இவற்றுக்கு விடை காணாமல் சந்தைக்கு வந்த நிறுவனங்கள் மூல நிரலை வெளியிட வேண்டிய கட்டாயத்திற்கும் வழக்குகளுக்கும் உள்ளாகியுள்ளன. உரிமத்தைப் பாதியில் மாற்றிய நிறுவனங்கள் தங்கள் பயனர்களில் ஒரு பகுதியினரைப் போட்டித் திட்டங்களிடம் இழந்துள்ளன.

உரிமம் இல்லையேல் அனுமதியும் இல்லை

இந்தியாவின் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி, கணினி நிரல் ஓர் இலக்கியப் படைப்பாகக் கருதப்படுகிறது. நிரலை எழுதிய கணமே அதன்மீது பதிப்புரிமை தோன்றிவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆகவே, இணையத்தில் எவரும் காணும்படி வைக்கப்பட்டுள்ள ஒரு நிரலில் உரிமம் எதுவும் குறிப்பிடப்படவில்லை எனில், அதை நகலெடுத்து விற்பனைப் பொருளில் சேர்க்க எவருக்கும் பொதுவான அனுமதி இல்லை என்றே பொருள். உரிமையாளர் எந்த நிபந்தனைகளின்பேரில் அந்த அனுமதியை வழங்குகிறார் என்பதைச் சொல்லும் ஆவணமே உரிமம்.

திறந்த மூல உரிமம் என்பதற்கு வரையறையும் உண்டு. 1998ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ்' அமைப்பு வகுத்துள்ள 10 நிபந்தனைகளே இத்துறையில் பொதுவாக ஏற்கப்படும் அளவுகோல். அதன்படி, விற்பனை செய்வதையோ வணிக நோக்கில் பயன்படுத்துவதையோ தடை செய்யும் உரிமம் திறந்த மூல உரிமம் ஆகாது. 'வணிகப் பயன்பாட்டிற்கு அல்ல' என்ற நிபந்தனையுடன் மூல நிரலை மட்டும் காட்டும் மென்பொருள்கள் இந்த வரையறைக்கு வெளியே நிற்கின்றன. திறந்த மூல மென்பொருளை விற்பதற்குத் தடையில்லை. விற்கும்போது எவற்றைச் செய்ய வேண்டும் என்பதில்தான் உரிமங்கள் வேறுபடுகின்றன.

உரிமங்களின் வகைகள்

முதல் வகை தாராள உரிமங்கள். எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி 2.0 ஆகியவை இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை. மூல ஆசிரியரின் பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் நீக்காமல் சேர்த்து வழங்கினால் போதும். அந்த நிரலைக் கொண்டு உருவாக்கிய தயாரிப்பின் மூல நிரலை வெளியிட வேண்டியதில்லை. 2004ஆம் ஆண்டு வெளியான அப்பாச்சி 2.0 உரிமம் இதனுடன் காப்புரிமை குறித்த பிரிவையும் சேர்த்துக்கொண்டது. நிரலைப் பங்களித்தவர் அதில் அடங்கிய தமது காப்புரிமைகளைப் பயன்படுத்தவும் அனுமதி தருகிறார். அந்த மென்பொருள் தமது காப்புரிமையை மீறுவதாக ஒருவர் வழக்குத் தொடுத்தால், அவருக்குக் கிடைத்த காப்புரிமை அனுமதி முடிவுக்கு வரும்.

இரண்டாவது வகை இடைநிலை உரிமங்கள். 2012ஆம் ஆண்டு வெளியான மொசில்லா பொது உரிமம் 2.0, கோப்பு அளவில் எல்லை வகுக்கிறது. அந்த உரிமத்தின்கீழ் வரும் கோப்பைத் திருத்தி வழங்கினால் அக்கோப்பின் மூல நிரலைத் தர வேண்டும்; அதனுடன் சேர்த்து எழுதப்பட்ட வேறு கோப்புகளை மூடியே வைத்திருக்கலாம். எல்ஜிபிஎல் உரிமம், துணை நிரல் தொகுப்புகளுக்கென வடிவமைக்கப்பட்டது. வணிகத் தயாரிப்பு அத்தகைய தொகுப்பைப் பயன்படுத்தலாம். ஆனால், பயனர் விரும்பினால் அந்தத் தொகுப்பின் திருத்திய பதிப்பைப் பொருத்திக்கொள்ள வழி விட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது வகை, 'காப்பிலெஃப்ட்' எனப்படும் பகிர்வுக் கடப்பாடு கொண்ட உரிமங்கள். ரிச்சர்ட் ஸ்டால்மன் தோற்றுவித்த குனு திட்டத்திலிருந்து பிறந்த ஜிபிஎல் உரிமத்தின் முதல் பதிப்பு 1989ஆம் ஆண்டும், இரண்டாம் பதிப்பு 1991ஆம் ஆண்டும், மூன்றாம் பதிப்பு 2007ஆம் ஆண்டும் வெளியாயின. ஜிபிஎல் நிரலைச் சேர்த்து உருவாக்கிய படைப்பை ஒருவர் விநியோகித்தால், அப்படைப்பு முழுவதையும் அதே உரிமத்தின்கீழ் மூல நிரலுடன் வழங்க வேண்டும். லினக்ஸ் கெர்னல் இன்றளவும் இரண்டாம் பதிப்பின்கீழ்தான் வெளியிடப்படுகிறது. மூன்றாம் பதிப்பு, நுகர்வோர் கருவிகளில் திருத்திய மென்பொருளை நிறுவுவதற்குத் தேவையான விவரங்களையும் தர வேண்டும் எனக் கூடுதலாகக் கோருகிறது.

விநியோகமே எல்லைக்கோடு

ஜிபிஎல் உரிமத்தின் கடமைகள் மென்பொருளைப் பயன்படுத்துவதால் எழுவதில்லை; பிறருக்கு வழங்குவதால் எழுகின்றன. ஒரு நிறுவனம் தன் அலுவலகத்திற்குள் திருத்திப் பயன்படுத்தும் நிரலை எவருக்கும் காட்ட வேண்டியதில்லை. வாடிக்கையாளரின் கணினியில் நிறுவும்படி தரும்போதும், கருவியில் ஏற்றி விற்கும்போதும் கடமை தொடங்குகிறது. அப்போதும்கூட, மென்பொருளைப் பெற்றவருக்கே மூல நிரலைப் பெறும் உரிமை முதன்மையாக உண்டு. உலகம் முழுவதற்கும் இணையத்தில் வெளியிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இருப்பினும், பெற்றவர் அதை மறுபகிர்வு செய்வதைத் தடுக்க இயலாது.

இணையம் வழியாகச் சேவை மட்டும் வழங்கும் நிறுவனங்கள் நிரலை எவருக்கும் கையளிப்பதில்லை என்பதால் ஜிபிஎல் கடமைகள் அவற்றைத் தொடவில்லை. இந்த இடைவெளியை நிரப்பவே 2007ஆம் ஆண்டு நவம்பரில் ஏஜிபிஎல் மூன்றாம் பதிப்பு வெளியிடப்பட்டது. திருத்திய நிரலை வலைப்பின்னல் வழியே பயன்படுத்துவோருக்கும் மூல நிரலைப் பெறும் வாய்ப்பைத் தர வேண்டும் என்பது அதன் தனிச்சிறப்பு.

ஒரே தயாரிப்பில் பல உரிமங்களின் நிரல்கள் சேரும்போது அவை ஒன்றுக்கொன்று முரண்படவும் கூடும். அப்பாச்சி 2.0 உரிமத்தில் உள்ள நிரலை ஜிபிஎல் மூன்றாம் பதிப்பின்கீழ் வரும் படைப்பில் சேர்க்கலாம். இரண்டாம் பதிப்பில் மட்டும் வெளியிடப்பட்ட படைப்பில் சேர்க்க இயலாது என்பது கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலைப்பாடு.

மீறல்களும் வழக்குகளும்

2003ஆம் ஆண்டு லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி ரூட்டரில் லினக்ஸ் பயன்படுத்தப்பட்டும் மூல நிரல் வழங்கப்படவில்லை என்பது வெளிச்சத்திற்கு வந்தது. நிரலாளர் சமூகத்தின் அழுத்தத்தைத் தொடர்ந்து நிறுவனம் மூல நிரலை வெளியிட்டது. அந்த நிரலிலிருந்து வளர்ந்ததே பல நிறுவனங்களின் ரூட்டர்களில் இன்று இயங்கும் ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டம். லிங்க்சிஸை வாங்கிய சிஸ்கோ நிறுவனத்தின்மீது கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2008ஆம் ஆண்டு வழக்குத் தொடர்ந்தது. அவ்வழக்கு மறு ஆண்டு சமரசத்தில் முடிந்தது.

ஜிபிஎல் நிபந்தனைகள் செல்லத்தக்கவை என ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம் 2004ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. அமெரிக்காவில், மாதிரி ரயில்களை இயக்கும் மென்பொருள் ஒன்றைப் பற்றிய ஜேக்கப்சன் எதிர் காட்சர் வழக்கில் 2008ஆம் ஆண்டு வெளியான மேல்முறையீட்டுத் தீர்ப்பு இத்துறையில் திருப்புமுனையாக அமைந்தது. பணம் பெறாமல் வழங்கப்பட்ட உரிமமானாலும், அதன் நிபந்தனையை மீறுவது வெறும் ஒப்பந்த மீறலாக மட்டுமன்றிப் பதிப்புரிமை மீறலாகவும் அமையலாம் என நீதிமன்றம் கூறியது. இதனால் விற்பனையைத் தடுக்கும் இடைக்கால ஆணையைக் கோருவதற்கும் வழி பிறந்தது.

நிரலை எழுதியவர் மட்டுமன்றி, கருவியை வாங்கிய நுகர்வோரும் மூல நிரலைக் கேட்டு வழக்கிட முடியுமா என்ற கேள்வியும் எழுந்துள்ளது. விசியோ நிறுவனத்தின் தொலைக்காட்சிகள் தொடர்பாக 'சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி' அமைப்பு 2021ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் தொடர்ந்த வழக்கின் மையப்பொருள் இதுவே.

உரிமத்தை மாற்றிய நிறுவனங்கள்

தாங்கள் உருவாக்கிய திறந்த மூல மென்பொருளைப் பெரிய மேகக் கணிமை நிறுவனங்கள் சேவையாக விற்று வருவாய் ஈட்டுகின்றன. உருவாக்கியவர்களுக்கு அதில் உரிய பங்கு கிடைக்கவில்லை என்ற மனக்குறை கடந்த சில ஆண்டுகளில் பல நிறுவனங்களின் முடிவுகளை மாற்றியது. மோங்கோடிபி தரவுதள நிறுவனம் 2018ஆம் ஆண்டு அக்டோபரில் ஏஜிபிஎல் உரிமத்தைக் கைவிட்டு எஸ்எஸ்பிஎல் என்ற புதிய உரிமத்தை அறிமுகப்படுத்தியது. அந்த மென்பொருளைச் சேவையாக விற்போர், அச்சேவையை நடத்தப் பயன்படும் பிற நிரல்களையும் வெளியிட வேண்டும் என அது கோருகிறது. இதைத் திறந்த மூல உரிமமாக ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் ஏற்கவில்லை.

எலாஸ்டிக் நிறுவனம் 2021ஆம் ஆண்டு ஜனவரியில் அப்பாச்சி 2.0 உரிமத்திலிருந்து விலகியது. பழைய உரிமத்தின்கீழ் வெளியான கடைசிப் பதிப்பை எடுத்துக்கொண்டு அமேசான் 'ஓப்பன்சர்ச்' என்ற தனிக் கிளையைத் தொடங்கியது. ஹாஷிகார்ப் நிறுவனம் 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் டெராஃபார்ம் உள்ளிட்ட தயாரிப்புகளை மொசில்லா உரிமத்திலிருந்து பிஎஸ்எல் எனப்படும் வணிக மூல உரிமத்திற்கு மாற்றியது. போட்டிச் சேவைகளில் பயன்படுத்துவதைத் தடுக்கும் அந்த உரிமம், 4 ஆண்டுகளுக்குப்பின் நிரலைத் திறந்த மூல உரிமத்திற்குத் திருப்புகிறது. சில வாரங்களிலேயே 'ஓப்பன்டோஃபு' என்ற கிளை லினக்ஸ் அறக்கட்டளையின்கீழ் உருவானது. 2024ஆம் ஆண்டு மார்ச்சில் ரெடிஸ் பிஎஸ்டி உரிமத்தைக் கைவிட்டபோது, அதே மாதத்திலேயே 'வால்கி' என்ற கிளை பிறந்தது.

இவற்றுள் எலாஸ்டிக் 2024ஆம் ஆண்டு ஆகஸ்டிலும், ரெடிஸ் 2025ஆம் ஆண்டு மே மாதத்திலும் ஏஜிபிஎல் உரிமத்தையும் ஒரு தெரிவாகச் சேர்த்துத் திறந்த மூல வரையறைக்குள் திரும்பின. ஆயினும், பிரிந்த கிளைகள் தனித் திட்டங்களாகத் தொடர்கின்றன. ஒருமுறை தாராள உரிமத்தில் வெளியிடப்பட்ட பதிப்பை நடைமுறையில் திரும்பப் பெற இயலாது. புதிய உரிமம் அதன்பின் வரும் பதிப்புகளையே கட்டுப்படுத்தும் என்பதை இந்நிகழ்வுகள் உணர்த்துகின்றன.

வருவாய்க்கான வழிகள்

உரிமத் தேர்வு வணிக முறையைச் சார்ந்தது. முழு உரிமையையும் தன்வசம் வைத்துள்ள நிறுவனம் ஒரே நிரலை இரு உரிமங்களில் வழங்கலாம். ஜிபிஎல் நிபந்தனையை ஏற்போர் கட்டணமின்றிப் பெறுவர். தம் தயாரிப்பை மூடியே வைத்திருக்க விரும்புவோர் பணம் கொடுத்து வணிக உரிமம் பெறுவர். மைஎஸ்க்யூஎல் இவ்வழியில் வளர்ந்தது; அந்நிறுவனத்தை 2008ஆம் ஆண்டு சன் மைக்ரோசிஸ்டம்ஸ் சுமார் 100 கோடி டாலருக்கு வாங்கியது.

பராமரிப்புக்கும் உத்தரவாதத்திற்கும் கட்டணம் பெறுவது மற்றொரு வழி. அதில் முன்னோடியான ரெட் ஹேட் நிறுவனத்தை ஐபிஎம் 2019ஆம் ஆண்டு 3,400 கோடி டாலருக்குக் கையகப்படுத்தியது. மும்பையைச் சேர்ந்த ஃப்ராப்பே நிறுவனம் தனது இஆர்பிநெக்ஸ்ட் என்ற நிறுவன மேலாண்மை மென்பொருளை ஜிபிஎல் மூன்றாம் பதிப்பிலும், அதற்கு அடித்தளமான கட்டமைப்பை எம்ஐடி உரிமத்திலும் வெளியிடுகிறது. மென்பொருளைத் தன் சேவையகங்களில் இயக்கித் தருவதன் வாயிலாகவும் ஆதரவுச் சேவைகள் வாயிலாகவும் வருவாய் ஈட்டுகிறது. பெங்களூரில் உள்ள சர்வதேசத் தகவல் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான 'மோசிப்' அடையாளத் தளம் மொசில்லா உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டு, பிலிப்பைன்ஸ் உள்ளிட்ட நாடுகளில் பயன்படுத்தப்படுகிறது.

பெயரும் சின்னமும் தனிச் சொத்துகள். திறந்த மூல உரிமங்கள் பொதுவாக நிரலுக்கே அனுமதி தருகின்றன. வணிகக் குறியைப் பயன்படுத்த அனுமதி தருவதில்லை. நிரலை எவரும் விற்கலாம் என்ற நிலையிலும் மூல நிறுவனத்தின் பெயரில் விற்க இயலாது என்பது சிறு நிறுவனங்களுக்கு முக்கியமான பாதுகாப்பாகும்.

இந்தியச் சட்டத்தில் கவனிக்க வேண்டியவை

ஊழியர் தமது பணியின் பகுதியாக எழுதும் நிரலுக்கு, மாற்று ஒப்பந்தம் இல்லாதவரை, வேலை அளிப்பவரே முதல் உரிமையாளர் எனப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு கூறுகிறது. வெளியாளாகப் பணிபுரியும் நிரலாளருக்கு இது தானாகப் பொருந்தாது. அவரிடமிருந்து எழுத்து வடிவில், கையொப்பத்துடன் உரிமை மாற்றம் பெற வேண்டும். அந்த ஆவணத்தில் காலம் குறிப்பிடப்படவில்லை எனில் 5 ஆண்டுகள் எனவும், நிலப்பரப்பு குறிப்பிடப்படவில்லை எனில் இந்தியாவுக்குள் மட்டும் எனவும் 19ஆவது பிரிவு கருதிக்கொள்கிறது. இவ்விதிகள் உரிய மாற்றங்களுடன் உரிமங்களுக்கும் பொருந்தும் என 30ஏ பிரிவு தெரிவிக்கிறது. எனவே, வெளிநாடுகளில் விற்க எண்ணும் நிறுவனம், ஒப்பந்த நிரலாளருடனான ஆவணத்தில் காலத்தையும் உலகளாவிய எல்லையையும் வெளிப்படையாக எழுதிக்கொள்வது அவசியம். இவ்வொரு வரி விடுபட்டால், தன் பெயரில் விற்கும் மென்பொருளின் ஒரு பகுதிக்கு நிறுவனம் உரிமையாளராக இல்லாத நிலை ஏற்படக்கூடும்.

வெளிப் பங்களிப்பாளர்களின் நிரலை ஏற்கும் திட்டங்களிலும் இதே சிக்கல் உண்டு. வீடியோலேன் திட்டத்தின் விஎல்சி மென்பொருள், ஜிபிஎல் நிபந்தனைகளும் ஆப்பிள் செயலி அங்காடியின் விதிகளும் பொருந்தாததை ஒட்டி எழுந்த புகாரால் 2011ஆம் ஆண்டு அங்கிருந்து நீக்கப்பட்டது. உரிமத்தை மாற்ற, நூற்றுக்கும் மேற்பட்ட பங்களிப்பாளர்களைத் தேடி ஒப்புதல் பெற வேண்டியிருந்தது. 2013ஆம் ஆண்டுதான் அச்செயலி மீண்டும் இடம்பெற்றது.

மத்திய அரசு 2015ஆம் ஆண்டு வெளியிட்ட கொள்கை, அரசின் மின்னாளுகைத் திட்டங்களில் மூடிய மென்பொருளைவிடத் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை அளிக்குமாறு கூறுகிறது. ஆரோக்ய சேது செயலியின் ஆண்ட்ராய்டு மூல நிரல் 2020ஆம் ஆண்டு மே மாதம் வெளியிடப்பட்டது. மென்பொருளில் எந்தெந்தக் கூறுகள் சேர்ந்துள்ளன என்பதைப் பட்டியலிடுவது குறித்த தொழில்நுட்ப வழிகாட்டுதல்களை இந்தியக் கணினி அவசரகால நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன் 2024ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியிட்டது. கூறுகளின் உரிம விவரமும் அப்பட்டியலில் இடம்பெற வேண்டியவற்றுள் ஒன்று.

எதற்கு எது பொருந்தும்?

தனது நிரல் இயன்றவரை பரவலாகப் பயன்பட வேண்டும், பிற நிறுவனங்கள் தயக்கமின்றி ஏற்க வேண்டும் என விரும்பினால் எம்ஐடி அல்லது அப்பாச்சி உரிமம் பொருத்தமானது. காப்புரிமைச் சிக்கல்கள் எழக்கூடிய துறைகளில் அப்பாச்சி கூடுதல் தெளிவு தரும். நிரலில் செய்யப்படும் மேம்பாடுகள் மட்டும் திரும்ப வந்தால் போதும் எனில் மொசில்லா உரிமம் நடுவழியாக அமையும். போட்டியாளர் தன் உழைப்பை எடுத்து மூடிய தயாரிப்பாக விற்பதைத் தடுக்க வேண்டும் எனில் ஜிபிஎல் உரிமத்தையும், சேவையாக விற்பதிலும் அதே கடமை தொடர வேண்டும் எனில் ஏஜிபிஎல் உரிமத்தையும் பரிசீலிக்கலாம். மேகக் கணிமைப் போட்டியை முற்றிலும் தடை செய்வதே நோக்கம் என்றால், தொடக்கத்திலேயே அதை வெளிப்படையாக அறிவித்து, தயாரிப்பைத் திறந்த மூலம் என அழைக்காமல் இருப்பதே நேர்மையான வழி.

பிறர் நிரலைச் சேர்க்கும் நிறுவனங்கள், ஒவ்வொரு கூறின் பெயர், பதிப்பு, உரிமம் ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே பதிவு செய்ய வேண்டும். உரிமம் குறிப்பிடப்படாத நிரலைத் தவிர்ப்பதும், விற்பனைப் பொருளுடன் உரிம வாசகங்களைச் சேர்த்து வழங்குவதும், ஜிபிஎல் கூறுகளுக்கான மூல நிரலை ஒவ்வொரு வெளியீட்டுடனும் பாதுகாத்து வைப்பதும் அடிப்படை நடைமுறைகள். முதலீட்டாளரோ, நிறுவனத்தை வாங்க முன்வருபவரோ கேட்கும் ஆவணங்களில் இப்பட்டியலும் ஒன்றாக இருக்கக்கூடும். அப்போது தேடத் தொடங்கினால் காலம் கடந்திருக்கும். பத்துப் பேர் எழுதிய நிரலின் உரிமத்தை மாற்றப் பத்துப் பேரின் ஒப்புதல் போதும். ஆயிரம் பேர் எழுதியபின் அது ஏறத்தாழ இயலாத செயலாகிவிடும்.